பதற்றம் அதிகம் உள்ளவர்கள் உடற்பயிற்சியை இடையில் விடாமல் தொடர மைண்ட்ஃபுல்னஸ் (உடம்பிலும் மனதிலும் இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல் கவனிப்பது) உதவுமா?

எனக்கு உதவியது. ஆனால் "மனசை அமைதியாக்கிக்கொண்டு நட" என்பார்களே, அந்த விதத்தில் அல்ல.

நீங்களும் பலமுறை ஆரம்பித்து இரண்டாவது வாரத்தில் விட்டிருப்பீர்கள், வீட்டில் சோம்பேறி என்றிருப்பார்கள். ஆறு வருடம் எனக்கும் அந்தப் பெயர்தான். நான் பயந்தது நடைக்கு அல்ல, என் நெஞ்சுத் துடிப்புக்கு. ஒருநாள் படியேறும்போது பேனிக் அட்டாக் (திடீரென்று தாக்கும் கடும் பயம்) வந்தது. அதன்பின் படபடப்பு, மூச்சிரைப்பு, வியர்வை எது வந்தாலும் "மறுபடியும் வருது" என்றே தோன்றும். உடற்பயிற்சி செய்தாலும் இதே மூன்றும்தானே வருகின்றன? உடம்பின் இந்த அறிகுறிகளையே ஆபத்தாக நினைத்துப் பயப்படுவதை 'ஆங்ஸைட்டி சென்சிட்டிவிட்டி' என்கிறார்கள். 1980களில் ஸ்டீவன் ரைஸ், ரிச்சர்ட் மெக்நாலி என்ற உளவியலாளர்கள் விளக்கியது. அதைப் படித்த அன்று அழுதுவிட்டேன். சோம்பேறித்தனம் இல்லை என்று முதன்முதலாக ஒருவர் சொன்னது போல இருந்தது.

இசிஜி எடுத்து, இதயத்தில் கோளாறில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தொடங்கினேன். தினம் பத்து நிமிட நடை. மூன்றாவது வாரம் ஒருநாள் ஏழாவது நிமிடத்தில் தொண்டை வரை துடித்தது. வழக்கமாக அங்கேயே திரும்பிவிடுவேன். அன்று வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு கவனித்தேன். துடிப்பு எங்கே, நெஞ்சிலா கழுத்திலா? மூச்சு உள்ளே போகும்போது முட்டுகிறதா, வெளியே வரும்போதா? "விழப்போகிறேன்" என்று வந்தது. "இது ஒரு நினைப்பு" என்று சொல்லிக்கொண்டேன். பயம் போகவில்லை. பயத்தோடு பத்து நிமிடமும் நடந்து முடித்தேன். பிறகு உட்கார்ந்து, துடிப்பு தானாக இறங்குவதைக் கடைசிவரை பார்த்தேன். என்னை மாற்றியது அந்த உட்கார்ந்த நேரம்தான்.

"இதெல்லாம் மேல்நாட்டு வியாபாரம்" என்று யாராவது வருவார்கள். ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காகத் தொடங்கியது இந்த மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி. 8 வாரப் பயிற்சி, கவனித்து நடப்பதும் அதில் உண்டு. மாத்திரைக்கு மாற்று என்றும் நான் சொல்லவில்லை. நானும் மாத்திரை சாப்பிட்டேன், அதில் வெட்கமில்லை.

வெட்கப்பட வேண்டியவர் என் பழைய மேலாளர். காய்ச்சல் என்றால் உடனே லீவு தருவார். பதற்றம் என்றதும் "டென்ஷன் யாருக்குத்தான் இல்ல?" என்றார். இன்றும் அது ஆறவில்லை.

உலக சுகாதார அமைப்பு சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை எட்ட எனக்கு எட்டு மாதம் ஆனது. நீங்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் இருந்தால் நடக்கும்போது கழற்றி வையுங்கள்; அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே நான் பலமுறை பாதியில் திரும்பியிருக்கிறேன்.