சீட்டு எடுத்த பிறகும் ஏன் கட்டுகிறோம்?

கேள்வி: எங்கள் தெருவில் 20 பேர் சேர்ந்து, மாதம் 5,000 ரூபாய் குலுக்கல் சீட்டு போடுகிறோம். 3ஆவது மாதமே எனக்கு விழுந்தது. ஒரு லட்சத்தை வாங்கி மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். இதுவரை 6 தவணை முடிந்திருக்கிறது. அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போகிறோம். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. "இனி எதுக்குக்கா கட்டணும்?" என்கிறான் தம்பி. நான் கட்டத்தான் போகிறேன். ஆனால் ஏன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஏமாளியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: தம்பியின் கணக்கு சரிதான். மீதி 14 தவணை, 70,000 ரூபாய். ஊர் மாறிப் போனவரைத் தேடி வந்து வசூலிப்பது லேசில்லை. பயத்தால் மட்டும் கட்டுபவராக இருந்தால் இந்நேரம் நிறுத்தியிருப்பீர்கள்.

சீட்டில் சேர்ந்த அன்று யாருக்கு எந்த மாதம் விழும் என்று ஒருவருக்கும் தெரியாது. தன் இடம் எது என்று தெரியாத நிலையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதியே நியாயமான விதி என்று 1971இல் எழுதினார் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ். உங்கள் தெருச் சீட்டு அந்த வகைதான். இன்னும் சீட்டு எடுக்காமல் காத்திருப்பவர்கள் உங்கள் மகளின் கட்டணத்துக்கு ஆளுக்கு 5,000 கொடுத்தவர்கள். அது உங்களுக்குத் தெரிவதால்தான் நிறுத்த மனம் கூசுகிறது.

அதற்காக நாம் எல்லாம் மகாத்மாக்கள் என்று அர்த்தமில்லை. எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டர் என்ற இரு பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டு ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாலு பேர் பொது நிதியில் பணம் போட வேண்டும். போடாதவருக்கும் சமபங்கு உண்டு. ஆரம்பத்தில் ஓரளவு நன்றாகவே போட்டார்கள். சிலர் சும்மா இருந்தே பங்கு வாங்குவதைப் பார்த்ததும் மற்றவர்களும் சுற்றுக்குச் சுற்று குறைத்துக்கொண்டார்கள். அப்புறம் விதி மாறியது: போடாதவருக்கு அபராதம் விதிக்கலாம், ஆனால் விதிப்பவர் கையிலிருந்தும் காசு போகும். அப்படியும் விதித்தார்கள்! நிதியில் போடுவதும் கூடியது. நியாயம் நடப்பதைப் பார்க்கச் சொந்தக் காசையே விடுகிறார்கள். தம்பி கணக்கில் இதற்கு இடமே இல்லை.

உங்களை ஒன்று கேட்கிறேன். சீட்டு நடத்துகிறவர் குலுக்கலில் தில்லுமுல்லு செய்து தன் நாத்தனாருக்கே முதல் சீட்டைக் கொடுத்திருந்தார் என்று தெரிந்தால், இதே மனதோடு கட்டுவீர்களா? மாட்டீர்கள். அப்போதும் வாய் திறக்காமல் கட்டுகிறவர்தான் ஏமாளி. நீங்கள் அந்த ரகம் இல்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் சீட்டு நடத்துகிறவரை நேரில் பார்த்துப் புது முகவரியைக் கொடுங்கள். கட்டிய தவணைகளை ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். (வாய்வார்த்தைச் சீட்டில் ஒரு லட்சம் புழங்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.) இனி ஜிபேயில் அனுப்பினால் கணக்கும் நிற்கும். வீடு மாறும் மாதத்தில் கை இறுக்கமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிப் பத்து நாள் அவகாசம் கேளுங்கள். சொல்லாமல் தாமதித்தால், நீங்கள் ஓடிவிட்டதாக நினைத்து அடுத்தவரும் நிறுத்திவிடுவார்.