பிஷப்புக்கு ஓட்டா?

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருமண்டலத்தில் அடுத்த பேராயர் (பிஷப்) யார் என்று இப்போதே ஓட்டுக் கணக்குப் போடுகிறார்கள். "எங்களுக்கு ரோமிலிருந்து பெயர் வரும், அவ்வளவுதான்" என்று என் கத்தோலிக்கத் தோழி சிரிக்கிறாள். பிஷப்பை ஓட்டுப் போட்டா தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சிரிக்கட்டும். அவர்கள் கும்பிடும் புனித அம்புரோஸ் எப்படி பிஷப் ஆனார் என்று கேளுங்கள். 374-ல் மிலானில் பிஷப் பதவிக்கு இரண்டு கட்சி மோதிக்கொண்டது. சமாதானம் பண்ணப் போன ஆளுநர் அவர். "அம்புரோஸ்தான் பிஷப்" என்று கூட்டம் கத்திவிட்டது. மனிதர் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை!

உங்கள் சபைக்கு வருவோம். தென்னிந்தியாவின் பல புராட்டஸ்டண்ட் சபைகளை ஒன்றாக்கும் ஐக்கியப் பேச்சு 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கியது. முன்னின்றவர் நம் வெள்ளாளன்விளை அசரியா, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) சபையின் முதல் இந்திய பிஷப். பேசி முடிக்க 28 வருஷம் ஆயிற்று. 1945-லேயே கண்ணை மூடிவிட்ட அசரியா அதைப் பார்க்கவில்லை, பாவம். இழுத்தடித்ததில் பெரும் பங்கு பிஷப் விவகாரத்துக்குத்தான். பிஷப் இல்லாமல் சபையா என்றது ஆங்கிலிக்கன் தரப்பு. நாகர்கோவில் லண்டன் மிஷன்காரர்களும் மதுரை அமெரிக்கன் மிஷன்காரர்களும் நூறு வருஷத்துக்கு மேல் பிஷப் இல்லாமலேதான் சபை நடத்தினார்கள். கடைசியில், பிஷப் இருக்கட்டும், ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு இருக்கட்டும், தேர்வில் சபையாருக்கும் பங்கு வேண்டும் என்று முடிந்தது. 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. பிறந்தது. காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்துச் சபையின் பிரஸ்பிட்டேரியன் மிஷனரி லெஸ்லி நியூபிகின், பிஷப்பே இல்லாத சபைக்காரர், அன்றே மதுரை-இராமநாதபுரத்துக்கு பிஷப் ஆனார்.

இன்னொன்று: பெருமன்ற (திருமண்டலத்தின் பொதுச் சபை) ஓட்டு மட்டுமே பிஷப்பை முடிவு செய்வதில்லை. குருமாரும் சபைப் பிரதிநிதிகளும் ஓட்டுப் போட்டு, சில பெயர்களைப் பேனலாக அனுப்புவார்கள். அதில் ஒருவரை சினாடு (முழு சி.எஸ்.ஐ.க்குமான உச்ச மன்றம்) தரப்புக் குழு எடுக்கும். அப்புறம் மற்ற பிஷப்மார் தலைமேல் கைவைத்து அபிஷேகம் செய்தால்தான் அவர் பேராயர். ஓட்டில் முதலிடம் வந்தவரே பதவியைக் கைநழுவ விடுவதும் உண்டு.

நானும் ஒருமுறை பெருமன்ற உறுப்பினன். எந்தத் திருமண்டலம் என்று கேட்காதீர்கள். முந்தின ராத்திரி ஒரு தரப்பு லாட்ஜில் ரூம் போட்டுப் பிரியாணி கொடுத்தது. மறு தரப்பு காலையில் வேனோடு வாசலில் நின்றது. அதற்காக ஓட்டே வேண்டாம் என்பேனா? மாட்டேன். பிரியாணியைத்தான் நிறுத்த வேண்டும். உங்கள் சேகரத்துப் பெருமன்ற உறுப்பினர் யாருக்குப் போடப்போகிறார், ஏன் என்று அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்டுப் பாருங்கள்.