எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களின் ஒளி ஏன் மாறுகிறது? – கேள்வி பதில்

கேள்வி (கூக்கால்): ஐயா, எங்கள் மேல்மலை வானம் நல்ல இருட்டு. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் எக்ஸ் கதிர் விண்மீன் ஒன்றையாவது பார்க்க முடியுமா?

பதில்: எக்ஸ் கதிர் இரட்டை என்பது, ஒரு கருந்துளையோ நியூட்ரான் விண்மீனோ (வெடித்த பெருவிண்மீனின் அடர்ந்த எச்சம்) தன் துணை விண்மீனின் வாயுவை இழுத்துக்கொள்ளும் இணை. எக்ஸ் கதிரை வளிமண்டலம் தடுத்துவிடும், மேல்மலை உயரமும் போதாது. அதனால்தான் அத்தகைய இரட்டையான ஸ்கார்பியஸ் எக்ஸ்-1ஐ 1962இல் ராக்கெட் ஏவிக் கண்டுபிடித்தார்கள். ஆனால், எக்ஸ் கதிர் பட்டுச் சூடான அதன் திரள் வட்டு (இழுத்த வாயு சுழலும் தட்டு) கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் வீசுகிறது. பொலிவெண் (எண் கூடக்கூட மங்கல்) 12க்கும் 13க்கும் இடைப்பட்டது. கோடைமழை மேகம் கூடுவதற்கு முன், மார்ச் மாதத்து நிலவற்ற பின்னிரவில், விருச்சிகத்தின் தலைக்குச் சற்று வடக்கே வரைபடத்தோடு தேடுங்கள்.

கேள்வி (மஞ்சூர்): வி404 சிக்னி என்ற கருந்துளை இரட்டை 1989க்குப் பின் 26 ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, 2015 ஜூனில் திடீரெனச் சீறியது ஏன்? இடையில் துணை விண்மீன் வாயு தருவதை நிறுத்திவிட்டதா?

பதில்: நிறுத்தவில்லை. துணை விண்மீனிலிருந்து வாயு வந்துகொண்டேதான் இருந்தது. அது கருந்துளைக்குள் விழாமல் வட்டில் தேங்கியது. குளிர்ந்த வட்டில் ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரானை இழக்காமல் இருப்பதால் உள் உராய்வு குறைவு. உராய்வு இல்லாமல் வாயு தன் சுழற்சியை இழந்து உள்ளே இறங்க முடியாது. தேங்கத் தேங்க ஏதேனும் ஒரு வளையத்தின் வெப்பநிலை 10,000 டிகிரியை நெருங்கும்போது ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழக்கிறது. அந்நிலையில் வாயு வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால் சூடு மேலும் ஏறி, உராய்வு பெருகி, பக்கத்து வளையங்களும் பற்றிக்கொள்ள, தேங்கியதெல்லாம் உள்நோக்கிப் பாய்கிறது. உங்கள் குந்தா அணையின் ஷட்டர் திறப்பதைப் போன்றது எனலாம். இங்கே திறக்க ஆள் இல்லை, தேங்கிய சரக்கே கதவைத் திறந்துகொள்கிறது என்பதுதான் வேறுபாடு.

கேள்வி (கோத்தகிரி): இரட்டை விண்மீன்கள் ஒன்றை ஒன்று மறைப்பதால் மங்குவதில்லையா?

பதில்: அதுவும் உண்டு, அம்மா. ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர் இரட்டையில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன: நியூட்ரான் விண்மீன் 1.24 விநாடிக்கொரு முறை சுழல்வதால் வரும் துடிப்பு, 1.7 நாளுக்கொரு முறை துணை விண்மீனின் மறைப்பு, நெளிந்த வட்டு பம்பரம்போல் தலையசைத்து மறைப்பதால் வரும் 35 நாள் ஏற்ற இறக்கம். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவதுதான். வட்டின் வடிவத்தையே அது காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி (ஊட்டி): நம் நாட்டுக் கருவி எதுவும் இவற்றைக் கவனிக்கவில்லையா?

பதில்: ஆஸ்ட்ரோசாட் என்ற இந்திய விண்வெளித் தொலைநோக்கி இருக்கிறது. எக்ஸ் கதிரை உணரும் அதன் லாக்ஸ்பிசி கருவி மில்லி விநாடி அளவிலான ஒளி மாற்றத்தையும் பதிவு செய்ய வல்லது. ஏவப்பட்ட நாள் 2015 செப்டம்பர் 28. வி404 சிக்னியின் ஜூன் சீற்றம் மூன்று மாதத்தில் கைநழுவிப் போனது.