டெக்சாஸிலிருந்து நியூ ஹாம்ப்ஷயருக்கு வீடு மாறுகிறோம். பன்னிரண்டு துப்பாக்கிகளைப் பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி?

கேட்டவர் தந்திருக்கும் விவரம்: நான்கு கைத்துப்பாக்கி, ஐந்து ரைஃபிள், மூன்று ஷாட்கன், ஒரு சப்ரசர் (சுடும் சத்தத்தைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டுவது), சில ஆயிரம் தோட்டா. ரைஃபிள்களில் ஒன்றின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைவு. காரில் போகிறார், எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்கிறார்.

பெட்டிக்கு அப்புறம் வருவோம். போகிற இடத்தைவிட இந்தப் பயணத்தில் வழிதான் சிக்கல். நியூ ஹாம்ப்ஷயரில் பதிவு கிடையாது, மேகசினுக்கு (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடு) வரம்பு கிடையாது, சப்ரசரும் செல்லும். ஆனால் அமெரிக்காவுக்குள்ளேயே சாலை வழியாக அங்கே போக நியூயார்க் மாநிலத்தைத் தொடாமல் முடியாது. கூகுள் மேப் கனடா வழியாகப் பாதை காட்டினாலும், துப்பாக்கியோடு அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

உங்களைக் காப்பது 1986-இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பது, எடுத்துச் செல்வது இரண்டும் சட்டப்படி செல்லும் என்றால், நடுவிலுள்ள மாநிலங்களைக் கடந்து போகலாம் என்கிறது அது. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து துப்பாக்கியோ தோட்டாவோ கைக்கெட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத எஸ்.யூ.வி., மினிவேன் என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். டேஷ்போர்டு அறையும் நடுக் கன்சோலும் பூட்டிய பெட்டி ஆகாது. செடான் டிக்கியாக இருந்தாலும் உள்ளே பூட்டிய கெட்டிப் பெட்டியில்தான் வையுங்கள். சாலையோரம் நிற்கும் போலீஸ்காரரிடம் சட்ட வாசகத்தை விளக்குவதைவிடப் பூட்டைக் காட்டுவது சுலபம்.

இந்தப் பாதுகாப்பு கடந்து போகிறவருக்கு மட்டுமே. 2005-இல் விமானத்தில் போன ஒருவர் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் கவுண்டரில் அதை முறையாக அறிவித்தபோது கைதானார். ஹோட்டலில் பெட்டி கைக்கெட்டும் நிலையில் இருந்ததால் சட்டம் அவரைக் காக்காது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆகவே இரவுத் தங்கலைப் பென்சில்வேனியாவிலேயே முடியுங்கள். ஐ-81 வழியாக ஸ்க்ரான்டன், அங்கிருந்து ஐ-84. எல்லையிலுள்ள மாட்டமோராஸில் டேங்கை நிரப்பி, சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு கிளம்பினால் நியூயார்க்கில் சுமார் 70 மைல்தான். அதன்பின் கனெக்டிகட், மாசச்சூசெட்ஸ். இரண்டும் கண்டிப்பான மாநிலங்கள், அங்கேயும் ஊர் சுற்ற வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது மேகசினில். மேற்சொன்ன சட்டப் பிரிவு துப்பாக்கியையும் தோட்டாவையும் சொல்கிறது, மேகசினைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நியூயார்க்கில் பத்துக்கு மேல் கொள்ளும் மேகசின் வைத்திருப்பதே குற்றம். டெக்சாஸில் சாதாரணமாக விற்கும் 30 தோட்டா மேகசின்களைக் காரில் ஏற்றாதீர்கள். காலி மேகசின் துப்பாக்கி ஆகாது. நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள உங்கள் புது முகவரிக்கே பார்சலில் அனுப்பிவிடலாம்.

குட்டைக் குழல் ரைஃபிளுக்கு முன் அனுமதி வேண்டும். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் 5320.20 படிவத்தை நிரப்பி அனுப்பி, ஒப்புதலோடு திரும்பி வந்த பிறகுதான் அது மாநில எல்லையைத் தாண்டலாம். வீடு மாறும் தேதி தெரிந்த அன்றே அனுப்புங்கள். சப்ரசருக்கு இந்தப் படிவம் தேவையில்லை, ஆனால் பதிவுத் தாளின் நகல் கூடவே இருக்கட்டும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கிரீன் கார்டு இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். எச்-1பி, எச்-4 போன்ற விசாவில் இருப்பவர், அமெரிக்காவில் வாங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாவிட்டால், துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். இரண்டு காரில் போகிறீர்கள், விசாவில் இருக்கும் மனைவியோ கணவரோ ஒன்றை ஓட்டுகிறார் என்றால், அந்தக் காரில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பெட்டிச் சாவியும் அவரிடம் வேண்டாம்.

இனி மூவர்ஸ், அதாவது வீட்டுச் சாமானை ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள். துப்பாக்கியை வீட்டுச் சாமானோடு அனுப்பச் சட்டம் தடை சொல்லவில்லை. துப்பாக்கி இருக்கிறது என்று எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். சில நிறுவனங்கள் சீரியல் நம்பரோடு பட்டியல் எழுதி ஏற்றும், சில தொடவே தொடாது. தோட்டா, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர் எதையும் ஏற்ற மாட்டார்கள். ஆனாலும் நான் மூவர்ஸைக் கடைசி வழியாகத்தான் சொல்வேன், இழப்பீட்டுக் கணக்கு அப்படி. கூடுதல் கட்டணமில்லாத அடிப்படைப் பொறுப்பு, பொருளின் எடையில் பவுண்டுக்கு 60 சென்ட். 9 பவுண்டு ரைஃபிள் தொலைந்தால் கைக்கு வருவது 5 டாலர் 40 சென்ட். முழு மதிப்புப் பாதுகாப்பு எடுத்தாலும், பவுண்டுக்கு 100 டாலருக்கு மேல் மதிப்புள்ளதை உயர்மதிப்புப் பட்டியலில் தனியே எழுதாவிட்டால் தகராறுதான். வீட்டு இன்சூரன்ஸிலும் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு இருப்பது வழக்கம், பல பாலிசிகளில் 2,500 டாலர். கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

காரில் இடமே இல்லையென்றால், உரிமம் பெற்ற டீலர் ஒருவர் மூலம் நியூ ஹாம்ப்ஷயர் டீலருக்கு அனுப்பலாம். திரும்ப வாங்கும்போது வாங்குபவர் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு. கைத்துப்பாக்கியை அந்த டீலர் தன் மாநிலத்தில் வசிப்பவருக்குத்தான் கொடுக்க முடியும். புது முகவரியோடு அடையாள அட்டை வரும்வரை அது கடையிலேயே கிடக்கும்.

பட்டியலை ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர், மாடல், காலிபர், சீரியல் நம்பர், நான்கு பக்கப் படம் என்று எடுங்கள். ஒரு நகல் உங்களிடம், இன்னொன்று காரில் வராத யாரிடமாவது. பெட்டிக்குள் வைக்காதீர்கள், பெட்டி போனால் பட்டியலும் போகும்.

பேக்கிங் வேலையைத் தோட்டா எதுவும் இல்லாத அறையில் செய்யுங்கள். முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு போல்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) இழுத்து, சேம்பரை (சுடும்முன் தோட்டா உட்காரும் இடம்) கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். இந்த வரிசை மாறினால், இழுத்த போல்ட் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். குழாய் மேகசின் உள்ள ஷாட்கனில் குழாய்க்குள் ஒன்று ஒளிந்திருக்கும். தோட்டாக்களைப் பின்னாலிருந்து தள்ளும் ஃபாலோயர் தெரிகிறதா என்று பார்த்தால்தான் நிச்சயம். பிறகு சேம்பர் காலி என்று காட்டும் பிளாஸ்டிக் கொடியை (சேம்பர் ஃப்ளாக்) செருகுங்கள்.

போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளில் போல்டைக் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, சீரியல் நம்பரின் கடைசி நான்கு எண்களை எழுதி வையுங்கள். ஒரே மாடல் இரண்டு இருந்தால் இதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் போதாது என்றே சொல்வேன். மாற்றிப் போட்ட போல்ட் அழகாக மூடிக்கொள்ளும், ஆனால் ஹெட்ஸ்பேஸ் (சேம்பரில் தோட்டாவுக்குப் பின்னால் போல்ட் விடும் இடைவெளி) வேறாக இருக்கும். அது அதிகமாகிவிட்டால் சுடும்போது தோட்டாக் கூடு கிழிந்து சூடான வாயு முகத்தை நோக்கிச் சீறும்.

கைரேகை வியர்வை நீலப்பூச்சு இரும்பில் சில நாளிலேயே துருவாகும். கையுறை போட்டு, மெல்லிய எண்ணெய் துடைத்து, சிலிக்கோன் தடவிய துணி உறைக்குள் போட்டு, அப்புறம் கெட்டிப் பெட்டி. முட்டை அட்டை மாதிரியான ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டியே வைத்திருக்கும். பயணத்துக்கு அது சரி, மாதக்கணக்கில் கூடாது. இரட்டை ரைஃபிள் பெட்டியில் ஒன்றின் குழல் வாய் மற்றதன் தோள்கட்டைப் பக்கம் வருமாறு வைத்து, ஸ்கோப் மேல் மூடி அழுத்தாமல் பாருங்கள். இந்தப் பெட்டிகள் வெளியளவில் நான்கடிக்கு மேல், எட்டு நீளத் துப்பாக்கிக்கு நான்கு வேண்டும். வாங்கும் முன் காரை அளந்துவிடுங்கள். பம்ப் ஷாட்கனில் மேகசின் மூடியைத் திருகிக் குழலைக் கழற்றினால் சின்னப் பெட்டியே போதும்.

தோட்டா தனிப் பூட்டுப் பெட்டியில், தன் அட்டைப் பெட்டியோடு. ஆயிரம் 9 மி.மீ. தோட்டா சுமார் 26 பவுண்டு. ஐயாயிரம் என்றால் ஒரு ஆள் எடை. டிக்கியின் தரையில், பின் இருக்கையை ஒட்டி வையுங்கள்.

வீட்டில் சேஃப் (துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டகம்) இருந்தால், உள்ளே துப்பாக்கியை வைத்து அதை நகர்த்தவே கூடாது. காலியாக்கி, தரையோடு பிணைக்கும் அடி போல்ட்களைக் கழற்றி, முடிந்தால் கதவையும் கழற்றுங்கள். தீ தாங்குவதற்காக உள்ளே வைத்த ஜிப்சம் பலகை அதிர்ந்தால் உடையும், வெளியே தெரியாது.

பென்சில்வேனியா வரை வழியில் தங்கும் ஹோட்டல்களில் பெட்டிகளைக் காரில் விடாதீர்கள். போர்வையோ சாதாரணப் பையோ மூடி அறைக்குள் கொண்டுபோங்கள். துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய கார், திருடனுக்கு எங்கே உடைக்கலாம் என்று சொல்லிவிடும்.

குளிரில் வந்த பெட்டியை வீட்டுக்குள் உடனே திறந்தால் இரும்பு முழுக்க வியர்க்கும். மூடியபடியே சில மணி நேரம் விடுங்கள். பிறகு சீரியல் நம்பரைச் சரிபார்த்து, போல்டைச் சேர்த்து, ஸ்கோப் திருகுகளைப் பாருங்கள். ஜீரோ (ஸ்கோப் குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாக இருக்கச் செய்த அமைப்பு) மாறியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை சுடும் முன் குழலில் காய்ந்த துணி ஒன்றைத் தள்ளி எடுங்கள். பேக்கிங்கில் தடவிய எண்ணெயோ, உள்ளே போன ஸ்பாஞ்ச் துண்டோ அடைத்திருந்தால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும்.