மதுரைக்குப் பக்கத்து மேலூரில் இருந்துகொண்டு எலக்ட்ரானிக் இசைக்கு ரசிகர்களைச் சேர்க்க பாட்காஸ்ட் உதவுமா?

உதவும். "மேடை கிடைக்கவில்லை, அதனால் பாட்காஸ்ட்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள்; வெளிநாட்டு டிஜேக்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை மேடைக்குப் பதிலாக வைத்துப் பார்க்காதீர்கள். மேடையால் முடியாத ஒரு வேலையை அது செய்கிறது.

என் அப்பா இளவயதில் உசிலம்பட்டியில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்குக் கடிதம் எழுதுவார். ஒரு நாள் அவர் பெயரும் ஊரும் காற்றில் வந்தன. எந்தப் பாட்டைக் கேட்டு எழுதினோம் என்பது இன்று அவருக்கு நினைவில்லை. அறிவிப்பாளர் 'உசிலம்பட்டி' என்று திருத்தமாக உச்சரித்தது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. சொல்லும்போதெல்லாம் முகம் மலர்கிறது.

வெளிநாட்டு டிஜேக்கள் செய்வதும் இதுதான்: கேட்பவரை நிகழ்ச்சியில் ஓர் ஆளாக்குவது. ஆர்மின் வான் பியூரன் 2001-இல் நெதர்லாந்து வானொலியில் 'எ ஸ்டேட் ஆஃப் டிரான்ஸ்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். வாரம் ஒருமுறை, 2 மணி நேரம். 2021 ஜனவரியில் ஆயிரமாவது நிகழ்ச்சி வந்தது. ஆண்டுக்கு 52 வாரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு விடாப்பிடியாக நடத்தியிருக்கிறார் என்பது புரியும். புதிதாக வரும் பாடல்களில் எது நிற்கும் என்று நேயர்களே வாக்களிப்பார்கள். அடுத்த வாரம் அந்தப் பாடல் ஒலிக்கும்போது வாக்களித்தவருக்கு அது தன்னுடைய பாடலாகிவிடுகிறது.

'அபவ் அண்ட் பியாண்ட்' என்ற பிரிட்டன் டிஜே குழுவின் மூவர் கதை நமக்கு இன்னும் பக்கம். 2004-இல் தொடங்கிய அவர்களுடைய வாராந்திர நிகழ்ச்சி 450-ஐத் தொட்டபோது, 2012 நவம்பர் 10 அன்று அதைப் பெங்களூரில் நடத்தினார்கள். மதுரையில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது போய்ச் சேர்கிற ஊர். அன்றிரவு அதே மேடையில் பழைய நிகழ்ச்சியை முடித்து, 'குரூப் தெரபி' என்ற புதியதைத் தொடங்கினார்கள். அவர்கள் கச்சேரியில் இரண்டு வழக்கங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். கூட்டத்தினருக்குச் சொல்ல வேண்டியதை அங்கேயே தட்டச்சு செய்து பெரிய திரையில் காட்டுவார்கள். ஒரு ரசிகரை மேலே அழைத்து, நின்றிருந்த தாளம் மறுபடி அதிரத் தொடங்குகிற அந்த நொடியில் பொத்தானை அவரையே அழுத்தச் சொல்வார்கள். பல ஆண்டுகள் வாராவாரம் காதருகே பேசிய குரல் என்பதால்தான் அந்த அழைப்பு வீட்டுக்காரர் கூப்பிடுவதுபோல் இருக்கிறது.

நம் எலக்ட்ரானிக் இசைக்கு இது கூடுதலாகவே தேவை. தவில்காரர் விரலில் மாட்டிய கூடும் நெற்றி வியர்வையும் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும். நம் உழைப்போ கணினித் திரைக்குள் ஒளிந்து கிடக்கிறது. பெரும்பாலும் பாடும் குரலும் இல்லை, வரியும் இல்லை. எங்கிருந்து இந்த ஒலி வந்தது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். மதுரை செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் அனுமதி கேட்டுத் தறி ஓசையைப் பதிவு செய்தேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 அடி விழுந்தது. ஹவுஸ் என்கிற நடன இசைக்குப் பழகிய வேகம் 120-க்கு மேல் என்பதால் ஓசையை இழுத்து முடுக்கி, நடுவில் தறி நின்றுபோன இடத்தை வெட்டி ஒட்டி, ஒரு பாடல் செய்தேன். வெளியிட்டபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து பாட்காஸ்ட்டில் அதே பாடலைப் போட்டு, பதிவு செய்த பகலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். இரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. நாற்பது ஆண்டுகள் தறி ஓட்டியவர். பேரன் கேட்டுக்கொண்டிருந்தபோது காதில் விழுந்ததாம். "தம்பி, அந்த இடத்தில் ஊடை நூல் அறுந்து தறி நின்றிருக்கிறது. அதை ஏன் எடுத்துவிட்டீர்கள்? நூலை முடிந்து மறுபடி ஓட்டுகிற வரைக்கும் உள்ள அமைதிதான் எங்களுக்கு மூச்சு விடுகிற நேரம்" என்றார்.

அன்றிரவே பாடலைத் திரும்பத் திறந்தேன். வேகத்தை 110-க்கே இறக்கினேன். வெட்டியெறிந்த அந்த அமைதியை, 9 நொடி, முழுதாக வைத்தேன். அடுத்த நிகழ்ச்சியில் அவர் அனுமதியோடு அந்தக் குரல் செய்தியை ஒலிபரப்பிவிட்டு, புதிய வடிவத்தைப் போட்டேன். நான் செய்ததிலேயே நல்ல பாடல் அதுதான். எந்த மேடையிலும் அந்தப் பெரியவர் எதிரே வந்து நின்றிருக்க மாட்டார்.

நடைமுறைக்கு வருகிறேன். பிறர் பாடல்களைக் கோத்துத் தொகுப்பாகப் போட நினைத்தால் பதிப்புரிமை குறுக்கே நிற்கும். என் இரண்டாவது நிகழ்ச்சியை ஒரு பெரிய தளம் நீக்கியது. அனுமதியில்லாமல் இரண்டு பாடல்கள் சேர்த்தது என் தவறு. டிஜே தொகுப்புகளுக்கு உரிமத்தோடு இடம் தருவதற்கென்றே மிக்ஸ்கிளவுட் போன்ற தளங்கள் இருக்கின்றன. பாட்காஸ்ட்டில் சொந்தப் பாடல்களையும், எழுத்தில் அனுமதி தந்த நண்பர்களின் பாடல்களையும் மட்டும் போடுங்கள். நடனக் கூடத்துக்கென்று உரக்க முடித்த பாடலை அப்படியே வைத்து இடையில் பேசினால், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பாட்காஸ்ட்டுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் ஒலி உரப்பு -16 எல்.கே.எஃப்.எஸ். (ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதற்கான அலகு); முதலில் உங்கள் குரலை அங்கே நிறுத்தி, பாடலை அதற்கேற்ப இறக்குங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 கோப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 58 எம்பி ஆகும். ஊர்ப்புறத்தில் பஸ்ஸில் போகிறபடி கேட்பவருக்கு அதுவே போதும்.

நிகழ்ச்சி வரும் நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். எனக்கு மாதத்தின் முதல் வெள்ளி, இரவு 9 மணி. சித்திரைத் திருவிழா வாரமானாலும் அதே நேரம்தான். கேட்பவர்கள் சுமார் 200 பேர். அவர்களில் 30 பேராவது எழுதுகிறார்கள், நான் எல்லாருக்கும் பதில் எழுதுகிறேன்.

மேலூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகள் இருக்கின்றனவே. வாள் கல்லில் இறங்கும்போது அதன் சுருதி மெல்லத் தாழ்வதை பஸ் ஜன்னல் வழியே கேட்டிருக்கிறேன், இன்னும் மறக்கவில்லை. முதல் நிகழ்ச்சிக்கு அதைப் பதிவு செய்யுங்கள். வாள் ஓட்டுபவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் சம்மதித்தால் பெயரையும் ஊரையும் திருத்தமாகச் சொல்லிவிட்டு, பிறகு பாடலைப் போடுங்கள்.