கேள்வி–பதில்: யார்க் நகரத்து மண்மேடு

கேள்வி: இங்கிலாந்தில், யார்க் நகரில் படிக்கும் என் மகள் ஒரு படம் அனுப்பினாள். புல் மூடிய உயரமான மேடு, உச்சியில் கல் கோபுரம். அது இயற்கைக் குன்றா? சரிவில் ஏறக்கூடாது என்கிறார்களாமே, ஏன்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: குன்று அல்ல, ஆள் வைத்துக் கொட்டிய மண். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் மன்னர் வில்லியம், வடக்கில் கிளம்பிய கலகத்தை அடக்க 1068இல் யார்க்கில் ஒரு கோட்டை எழுப்பினார். மறு ஆண்டே இன்னொன்று. ஊஸ் ஆற்றின் கரைக்கு ஒன்றாயிற்று. கல் கோட்டைக்கு வருடக்கணக்கில் ஆகும், மண்ணும் மரமும் சீக்கிரம் முடியும்.

வட்டமாக அகழி வெட்டி, அந்த மண்ணையே நடுவில் போடுவார்கள். களிமண், சரளை என்று மாற்றி மாற்றிப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். வெறுமனே குவித்தால் மழைக்குச் சரிந்துவிடும். உச்சியில் மரக்கோபுரம், கீழே வேலியடைத்த முற்றத்தில் வீரர் குடியிருப்பு, லாயம், சமையற்கட்டு.

1190இல் கலவரக் கும்பலுக்குப் பயந்து யார்க் யூதர்கள் அந்த மரக்கோபுரத்தில் தஞ்சம் புகுந்தார்கள். சுமார் 150 பேர் மாண்டார்கள், கோபுரமும் எரிந்தது. உங்கள் மகள் படத்தில் உள்ள கல் கோபுரம் கிளிஃபோர்ட்ஸ் டவர், மன்னர் மூன்றாம் ஹென்றி 1245இல் தொடங்கிய வேலை. அந்தப் பாரம் மண்ணுக்கு அதிகம். வெள்ளமும் அடியை அரிக்க, 14ஆம் நூற்றாண்டில் சுவர் மேலிருந்து கீழ்வரை விண்டது.

ஏறக்கூடாததற்கும் காரணம் அந்த மண்தான். அதைப் பிடித்திருப்பது புல்வேர். ஒற்றையடித் தடம் விழுந்தால் மழைநீர் அதிலேயே இறங்கி வாய்க்காலாக்கிவிடும். படிக்கட்டு இருக்கிறது, அதில் ஏறட்டும். இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதும் மெட்டல் டிடெக்டர் பிடிப்பதும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏனென்றால், புதைந்த பழங்காசு எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த அடுக்கின் காலத்தைக் கணிக்கிறார்கள். பிடுங்கி எடுத்த காசு அதற்கு உதவாது.

கேள்வி: பினாங்கிலுள்ள நம் கார்ன்வாலிஸ் கோட்டை ஏன் தரையோடு தரையாக இருக்கிறது?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: பீரங்கிதான் காரணம். அம்புக் காலத்தில் உயரம் பலம். பீரங்கி வந்தபின் உயரமான கோபுரம் நல்ல குறியாகிவிட்டது. அதனால் தாழ்ந்த, தடித்த மதில். பக்கவாட்டிலும் சுட வசதியாக நட்சத்திர வடிவம். ஆனால் தொடக்கம் இங்கேயும் மரம்தான்: 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் நிபோங் என்ற பனைவகை மரங்களை நட்டு வேலி அடைத்தார். செங்கல் பிறகு வந்தது. சுற்றியிருந்த அகழியை மலேரியாவுக்குப் பயந்து 1920களில் தூர்த்துவிட்டார்கள்.