விவாகரத்தில் சொத்தை நீதிமன்றம் எப்படிப் பிரிக்கும்? பாதிக்குப் பாதியா?

பத்திரம் கணவர் பெயரில், எனக்குச் சம்பளமும் கிடையாது, அப்போது எனக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாட்டுச் சட்டம் என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் பெரும்பாலும் ஜீவனாம்சம் வழியாகத்தான் எதுவும் கைக்கு வரும். ஆனால் பல நாடுகளில் பத்திரத்தில் இருக்கும் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை.

கலிபோர்னியாவில், மணவாழ்க்கையில் சேர்ந்தது சரிபாதி. நியூயார்க்கில் 1980-இல் சட்டம் மாறும்வரை பத்திரம் யார் பெயரிலோ அவருக்குத்தான் சொத்து. இப்போது எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள், வயது, உடல்நிலை, வருமானம், குழந்தைகள் யாரிடம் என்றெல்லாம் பார்த்து நீதிபதி பங்கைச் சொல்கிறார். அது பாதியாக இருக்க வேண்டும் என்றில்லை. வீட்டைக் கவனித்ததும் பங்களிப்புதான். இங்கிலாந்தில் ஒயிட் எதிர் ஒயிட் வழக்கில், சம்பாதித்தவர், வீட்டைப் பார்த்தவர் என்று பாரபட்சம் காட்டக் கூடாது என்று 2000-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பே இருந்ததும், பெற்றோர் வழியில் வந்ததும் பொதுவாகத் தனிச் சொத்து. ஆனால் அந்தப் பணத்தைக் கூட்டுக் கணக்கில் போட்டு வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால், எது யாருடையது என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் அம்மா விட்டுப்போன பணத்தை அப்படித்தான் தொலைத்தேன்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவர் ஓய்வூதியச் சேமிப்பை எடுத்துக்கொண்டார். காகிதத்தில் இரண்டும் ஒரே மதிப்பு. அப்புறம்தான் தெரிந்தது, வீட்டோடு மிச்சக் கடன், வரி, கூரை ஒழுகல் எல்லாமே என் தலையில். கடனும் பங்கிடப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கணவர் செய்த துரோகத்தைச் சொன்னால் கூடுதலாகக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். நிறைய இடங்களில் அதற்கு மதிப்பே இல்லை. இருவருக்கும் சேர்ந்த பணத்தை வேறெங்கோ வாரி இறைத்திருந்தால் மட்டும் நீதிமன்றம் காது கொடுக்கும், அதற்கும் சான்று வேண்டும். அதனால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே வங்கி, கடன், காப்பீட்டுத் தாள்கள் கைக்கு எட்டும்போதே நகல் எடுத்துவிடுங்கள். நான் கேட்டபோது பாஸ்வேர்டு மாறியிருந்தது.